ஒரே ஞாயிறு, இரண்டு தேதிகள்

காலப்பயணத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இம்மாதப் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (வாசகி, மஞ்சக்குப்பம்): பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் தமிழில் டப்பிங் செய்யப்பட்ட கொரியத் தொடர்களை விடாமல் பார்க்கிறாள். இந்தக் காலத்து ஆள் அரண்மனைக் காலத்துக்குப் போய்விடும் கதை என்றால் அவளுக்கு உயிர். பாடப் புத்தகத்தைவிட இதில்தான் வரலாறு புரிகிறது என்கிறாள். நம்பலாமா?

பதில்: மகளைத் தடுக்க வேண்டாம், அம்மா. கொரியாவை ஆண்ட ஜோசான் வம்சத்து அரசவையின் உடையும் உணவும் உட்பகையும் கடலூரில் வளரும் ஒரு பெண்ணின் மனத்தில் பதிகின்றன என்றால் அது நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்தத் தொடர்களில் உடை, பாத்திரம், கூரை, சடங்கு ஆகியவற்றுக்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையை, அக்கால மனிதர்கள் எப்படி எண்ணினார்கள் என்பதற்கு எடுத்துக்கொள்வதில்லை. இன்றிலிருந்து போகிறவர் எதைச் சொன்னாலும் அரண்மனையே வியந்து கேட்கிறது. அங்கிருப்பவர்கள் அவர் வரும்வரை சிந்திக்கவே தெரியாமல் காத்திருந்தவர்களைப்போல் காட்டப்படுகிறார்கள். என் மனக்குறை அதுதான்.

2020-ஆம் ஆண்டின் இறுதியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘மிஸ்டர் குயின்’ தொடரில், இன்றைய சமையற்கலைஞன் ஒருவனின் உயிர் ஜோசான் அரசி ஒருத்தியின் உடலுக்குள் புகுந்துவிடுகிறது. அந்தப் பாத்திரம் ஜோசான் அரச நடபடிக் குறிப்புகளை வெறும் வதந்தித் தாள் என்று சொல்வதாக ஒரு வசனம் வந்தது. கொரியப் பார்வையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். தயாரிப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த வசனத்தை நீக்கினார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். 1392 முதல் 1863 வரை, 472 ஆண்டுகளின் செய்திகளைத் தொகுத்துச் சொல்லும் ஆவணம் அது. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. எழுதுகிறவர் அஞ்சாமல் எழுத வேண்டும் என்பதற்காக, மூலக் குறிப்புகளை அரசனே படிக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தார்கள். 1404-இல் தேஜோங் மன்னர் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்தவுடன் அவர் சொன்னது, வரலாறு எழுதுகிறவருக்கு இது தெரியக் கூடாது என்பது. அவர் விழுந்ததும் எழுதப்பட்டது. தெரியக் கூடாது என்று அவர் சொன்னதும் எழுதப்பட்டது. இந்த நிகழ்ச்சியை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள். தொடரில் வரும் எந்தக் காட்சிக்கும் இது குறைந்ததல்ல.

கேள்வி (வாசகர், முத்தியால்பேட்டை): இன்றைய புதுச்சேரிப் பெண் ஒருத்தி 1748-க்கு, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சு காலத்துக்குப் போய்விடுவதாக இணையத் தொடர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களில் அப்படியே படமெடுத்துவிடலாம் என்கிறார் நண்பர். எதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பதில்: முதல் எச்சரிக்கை அந்தத் தெருக்களைப் பற்றியதே. நாம் இன்று மஞ்சள் சுவரும் வளைவு வாசலுமாகக் காணும் அந்த நகரத்தை 1748-இல் யாரும் கண்டிருக்க முடியாது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்திலிருந்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். 1761 ஜனவரியில் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதற்கு ஈடாக இந்த நகரத்தின் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்த பிறகு, பழைய வீதிகளின் கோட்டின்மீதே மறுபடியும் கட்டியதுதான் நாம் காண்பது. எனவே உங்கள் கதாநாயகிக்கு வீதிகளின் போக்கு தெரிந்திருக்கலாம், வீடுகள் தெரிந்திருக்கக் கூடாது. தன் ஊரிலேயே வழி தெரிந்தும் இடம் தெரியாமல் அவள் நிற்பதை முதல் காட்சியாக வைத்தால், அது உண்மையாகவும் இருக்கும், நெஞ்சைத் தொடவும் செய்யும்.

அடுத்தது தேதி. 1582-லேயே புதிய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்ட நாடு பிரான்சு. இங்கிலாந்து மாறியது 1752-இல்தான். 1748-இல் இரண்டு நாட்காட்டிகளுக்கும் 11 நாள் வேறுபாடு இருந்தது. அதாவது, பிரெஞ்சுப் புதுச்சேரியில் 1748 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை என்றால், 20 கிலோமீட்டர் அளவே தொலைவிலுள்ள புனித டேவிட் கோட்டையில் அதே ஞாயிறு ஆகஸ்ட் 28 என்று எழுதப்பட்டது. தொடரில் ஒரு கருவியில் தேதியை அழுத்தியவுடன் ஆள் போய்ச் சேர்ந்துவிடுகிறாரே, அவர் எந்த ஊரின் தேதிக்குப் போனார்? இரண்டு ஊர்த் தமிழர்களுக்கும் அன்று விபவ ஆண்டு ஆவணி மாதக் கடைசி. அவர்களுக்கு அதில் குழப்பமே இல்லை. ஐரோப்பியத் தேதியை மட்டும் வைத்துக் கதை எழுதினால், அங்கு வாழ்ந்த பெரும்பான்மையினரின் நாள் எது என்பதையே விட்டுவிடுகிறோம்.

அந்த நாளை உள்ளிருந்து காண உங்களுக்கு ஒப்பற்ற துணை ஒன்று உண்டு. துய்ப்ளேக்சின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரும் வணிக முகவருமான) ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த தமிழ் நாட்குறிப்பைச் சொல்கிறேன். அவருடைய வீடு இன்றும் அவர் பெயர் கொண்ட வீதியில் நிற்கிறது. தொடர் எழுதும் முன் சில வாரங்களாவது அந்த நாட்குறிப்போடு இருந்து பாருங்கள். கப்பல் வரவு, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன சொன்னார், எந்த நாழிகைக்குப் பீரங்கி வெடித்தது, எல்லாம் அதில் உண்டு. 1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் போஸ்கவென் நகரை முற்றுகையிட்டபோது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியிருக்கும் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிந்ததில்லை. எழுதும்போது அவருக்கு மறுநாள் என்ன நடக்கும் என்று தெரியாது. முற்றுகை நீங்குமா, துரை தம்மீது சந்தேகம் கொள்வாரா, வந்த செய்தி மெய்யா பொய்யா என்று ஒவ்வொரு நாளும் எடைபோடுகிறார். உங்கள் கதாநாயகிக்கோ முற்றுகை முறிந்துவிடும் என்பதும் தெரியும், 13 ஆண்டுகளில் நகரமே இடிக்கப்படும் என்பதும் தெரியும். முடிவு தெரிந்தவரை அறிவாளியாகவும் தெரியாதவரைப் பேதையாகவும் காட்டுவதுதான் இவ்வகைத் தொடர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை. தெரியாமல் நின்று முடிவெடுத்த மனிதரின் அறிவு எத்தகையது என்பதை உங்கள் தொடர் காட்டட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் யார் வீட்டில் போய் விழுகிறாள்? 1745-ஆம் ஆண்டுக் குறிப்புகளில், தேவாலயத்துக்குள்ளேயே சாதி பிரித்து எழுப்பியிருந்த சுவரைப் பற்றிய தகராறு பதிவாகியிருக்கிறது. ஏழைகளைப் பிடித்துச் சென்று அடிமைகளாகக் கப்பலேற்றிய செய்தியும் பிள்ளையின் குறிப்புகளில் உண்டு. இன்றைய உடையோடு, யார் மகள் என்று சொல்ல ஆளில்லாமல் தெருவில் நிற்கும் ஒரு பெண், நேராக ஆளுநர் மாளிகை விருந்துக்குப் போய்ச் சேர மாட்டாள். அவளுக்கு முதலில் நேரக்கூடியது எது என்பதை எழுதும் துணிவு உங்களுக்கு வேண்டும். (காலையில் எழுந்தவுடன் அவளுக்கு யாரும் டம்ளரில் காபி கொண்டுவந்து தரக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.)

கேள்வி (வாசகர், நெல்லிக்குப்பம்): போனவர் வரலாற்றை மாற்றுவது நல்ல கதையா, மாற்ற முடியாமல் நிற்பது நல்ல கதையா?

பதில்: மாற்ற முடியாமல் நிற்பதுதான் என்னை அதிகம் பாதித்திருக்கிறது. பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ 1963-இல் தொடங்கியபோது குழந்தைகளுக்கு வரலாறும் அறிவியலும் கற்பிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அதனால்தான் பயணிகளில் இருவரைப் பள்ளி ஆசிரியர்களாகவே படைத்தார்கள். 1964-இல் வந்த அஸ்டெக் கதையில் வரலாற்று ஆசிரியை பார்பரா நரபலியை நிறுத்தப் பாடுபட்டுத் தோற்கிறார். வரலாற்றின் ஒரு வரியைக்கூடத் திருத்தி எழுத முடியாது என்று தொடரின் நாயகனான டாக்டர் அவரிடம் கடுமையாகச் சொல்கிறார். அதே தொடரில் 2018-இல் வந்த பஞ்சாப் கதை 1947 ஆகஸ்டில் நடப்பது. முஸ்லிம் பெண்ணுக்கும் இந்து ஆணுக்கும் பிரிவினை நாளில் திருமணம். மணமகனின் தம்பியே அவன் சாவுக்குக் காரணமாகிறான். பயணிகளால் முடிந்தது அருகில் இருப்பது மட்டுமே.

மாற்றும் கதைகளில் ‘ஜின்’ என்ற ஜப்பானியத் தொடரை (2009) மதிக்கிறேன். இன்றைய மூளை அறுவை மருத்துவர் ஒருவர் 1862-ஆம் ஆண்டு எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) போய் விழுகிறார். பிளெமிங் 1928-இல் கண்டறிந்த பென்சிலினை அங்கேயே தயாரிக்க முயல்கிறார். அவரிடம் இருப்பது அறிவு மட்டும்; பூஞ்சையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு பழகியவர்கள் சோயா சாறு வடிப்பவர்கள். அவர்களுடைய பட்டறை இல்லாமல் அவரால் மருந்தைப் பெருமளவில் செய்ய முடிவதில்லை. சென்ற காலத்து மனிதர்களின் கைத்திறனுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த காலப்பயணத் தொடர் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கேள்வி (வாசகி, பாகூர்): வரலாற்றைத் திரிக்கும் இத்தகைய தொடர்களைத் தடை செய்தால் என்ன?

பதில்: வேண்டாம். 2011-இல் சீன ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு, காலப்பயணத் தொடர்கள் வரலாற்றை விளையாட்டாகக் கையாளுகின்றன என்று கண்டித்தது. அரசு ஒன்று எது சரியான கடந்த காலம் என்று முடிவு செய்யத் தொடங்கினால், குதிரையிலிருந்து விழுந்த மன்னரைப் பற்றி எழுத ஆள் இருக்காது. மிஸ்டர் குயின் வசனத்தை நீக்க வைத்தது பார்வையாளர்களின் வாசிப்பு; எனக்கு அதுவே போதும்.

கேள்வி (கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம்): உங்களுக்கு ஒரே ஒரு நாள் கிடைத்தால் எங்கே போவீர்கள்?

பதில்: உங்கள் ஊருக்குத்தான், தம்பி. 1690-இல் ஆங்கிலேயர்கள் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு போய் விழும் எல்லைவரை உள்ள ஊர்களும் சேர்ந்தே விற்கப்பட்டன. அப்படிக் கைமாறியவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன; குண்டு உப்பலவாடி, குண்டு சாலை என்று அந்தச் சொல் இன்றும் உங்கள் பக்கத்தில் வழங்குகிறது. எந்தத் தொடர் எடுத்தாலும் கேமராவைப் பீரங்கியின் பக்கத்தில்தான் வைப்பார்கள். நான் போனால் அங்கே நிற்க மாட்டேன். குண்டு போய் விழுந்த இடத்தில், ஏதோ ஒரு வரப்பில், காலையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தவர்களின் அருகில் நிற்பேன். வானத்திலிருந்து வந்து விழுந்த அந்த இரும்பைப் பார்த்து அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு வருவேன்.