இரண்டும் 12 சதவீதம்தானா?

கேள்வி: மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். ஒரு நுண்கடன் நிறுவனத்தில் 12% வட்டிக்கு 50,000 ரூபாய் தருகிறார்களாம். மாதம் 2,583 ரூபாய் வீதம் 24 தவணை. எங்கள் மகளிர் குழு மூலம் வங்கியிலும் 12 சதவீதம்தான், ஆனால் தாமதமாகும். எதை வாங்கலாம்?
- வாசகி, தருமபுரி

பதில்: பொறுத்திருந்து குழுக் கடனையே வாங்குங்கள். தவணையை 24-ஆல் பெருக்கினால் 62,000 வருகிறது. வட்டி மட்டும் 12,000. அசலில் பாதியை அடைத்த பிறகும் முழு 50,000-க்கும் வட்டி போடுகிறார்கள் என்று பொருள். இதுதான் ‘ஃப்ளாட்’ வட்டி. வங்கி, மிச்சமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும்: தவணை 2,354, மொத்த வட்டி 6,500-க்குள். அந்த முறையில் பார்த்தால் நிறுவனம் கேட்பது சுமார் 21.5%!

அவசரத்துக்கு அங்கேயே வாங்கினாலும், வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் எழுதிய விவரத்தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி அதைக் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டிலுள்ள எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது; கணவர் பெயரில் உள்ள வண்டிக் கடனும் இதில் சேரும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

இன்னொன்று. வந்த பணம் முழுவதையும் அரவை இயந்திரத்தில் போட்டுவிடாதீர்கள். பலரும் சிக்குவது இங்கேதான். கடைக்காரர் சரக்கு விற்ற பிறகுதான் பணம் தருவார். தவணையோ அடுத்த மாதமே வந்து நிற்கும். மிளகாய் வாங்கக் காசில்லாமல் இயந்திரம் சும்மா கிடக்கும், தவணை கட்ட இன்னொரு கடன் தேட வேண்டியிருக்கும். இரண்டு மாதச் சரக்குக்கும் இரண்டு தவணைக்கும் பணம் ஒதுக்கிய பிறகே இயந்திரம். அதுவரை மில்லில் கூலிக்கு அரையுங்கள்.

கேள்வி: பொடிக்கு விலை வைப்பது எப்படி? பயிற்சி உண்டா?
- அதே வாசகி

பதில்: கிலோ 200 ரூபாய்க்கு 10 கிலோ மிளகாய் வாங்கி, காம்பு கிள்ளி, காயவைத்து அரைத்தபின் 9 கிலோதான் தேறினால், பொடியின் அடக்கம் 222 ரூபாய் என்றே தொடங்குங்கள். அதன்மேல் அரவைக் கூலி, உறை, பேருந்துச் செலவு, திரும்பி வரும் பாக்கெட், உங்கள் உழைப்புக்கான கூலி. கடைசியாகச் சொன்னதைத்தான் பெண்கள் கணக்கில் எழுதுவதே இல்லை.

பயிற்சிக்கு மாவட்டத்திலுள்ள ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கேளுங்கள்; சாப்பாடு, தங்குமிடத்தோடு இலவசம்.