என் கனவுத் தோட்டத்துக்கு ஆடியில்தான் வருடப் பிறப்பு

"உங்கள் கனவுத் தோட்டம் எப்படி இருக்கும்? வருடம் முழுக்க அதில் என்னென்ன நடக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக மனதுக்குள் நட்டு வளர்த்துக்கொண்டிருக்கிற தோட்டம் இது. கோடு போட்ட ஒரு நோட்டில் படமே வரைந்து வைத்திருக்கிறேன்.

இடம் தென்காசிப் பக்கம். மொத்தம் 10 சென்ட், அதாவது 4,356 சதுர அடி. வீட்டுக்கு 2 சென்ட் போதும். செவல் மண், ஒரு கிணறு, மேற்கே பார்த்தால் மலை தெரிய வேண்டும். எங்கள் ஆச்சி வீட்டுப் புறவாசல் அப்படித்தான் இருந்தது. சொத்து பிரித்தபோது அந்த வீடு கைமாறிவிட்டது. நான் இப்போது சென்னையில் மூன்றாவது மாடியில், ஏழு தொட்டிகளோடு இருக்கிறேன்.

காலண்டரில் வருடம் சித்திரையில் பிறக்கிறது. தோட்டத்துக்கு ஆடியில்தான். 'ஆடிப் பட்டம் தேடி விதை' என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஊரில் அதற்குக் கொஞ்சம் முன்பே, ஆனியிலேயே மலை தாண்டிச் சாரல் வந்துவிடும். கூடவே செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்றும் வரும். அந்தக் காற்றைத் தெரியாமல் அங்கே தோட்டம் போட்டால் முதல் ஆடியிலேயே வாழை ஒடிந்துவிடும். அதனால் என் படத்தில் மேற்கு வேலி ஓரம் இரண்டு வேம்பு. வாழை நான்கும் வீட்டுக்குக் கிழக்கே, அடுக்களைத் தண்ணீர் போய் விழுகிற இடத்தில். முருங்கை கூரையைத் தொடாத தூரத்தில். வேப்பம்பழம் உதிர்வதும் இந்தச் சமயத்தில்தான். கொட்டையைப் பொறுக்கிக் காய வைத்துக்கொண்டால் வருடம் முழுக்கப் பூச்சிக்கு வேறு மருந்து தேட வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு, கொட்டைக்குள் இருக்கிற பருப்பில் 50 கிராம் எடுத்து இடித்து ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டினால் போதும்.

ஆடியில் அவரை ஊன்றுவேன். பந்தல் முழுக்கக் கொடி ஓடும், இலை தழைக்கும், பூ மட்டும் வராது. சின்ன வயதில் இதைப் பார்த்து, செடிக்கு ஏதோ நோய் என்று நினைத்து ஆச்சியிடம் ஓடினேன். "பொறுட்டி, பனி விழட்டும்" என்றாள். நாட்டு அவரை பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆச்சி அதைப் பனி என்று சொன்னாள், அவ்வளவுதான். இப்போது வருடம் முழுக்கக் காய்க்கிற அவரை விதை கடையில் கிடைக்கிறது. என் பந்தலுக்கு அது வேண்டாம். கார்த்திகையில் முதல் ஊதாப் பூவைப் பார்க்கிற காலை எனக்கு வேண்டும்.

ஆவணிக்குள் சிறுகிழங்குக்கு ஒரு பாத்தி ஒதுக்கிவிடுவேன். கிழங்கை அப்படியே நட்டுவிட முடியாது. முதலில் கிழங்கைப் புதைத்து, அது விடுகிற கொடியின் நுனியைக் கிள்ளி நட வேண்டும். பொங்கலன்று சிறுகிழங்கு இல்லாத குழம்பை எங்கள் பக்கம் பொங்கல் குழம்பு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பறித்த கிழங்கைச் சாக்கில் கட்டித் தரையில் அடித்தால் தோல் கழன்று வரும். அந்த மண்வாசனை அன்றைக்கு முழுக்கக் கையில் இருக்கும்.

அப்புறம் ஐப்பசி. என் நோட்டில் அதிகப் பக்கம் எடுத்துக்கொண்ட மாதம் இதுதான். காரணம் ஒரு பறவை. ஆறுமணிக்குருவி. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். விடியும்போதும் பொழுது சாயும்போதும், கிட்டத்தட்ட ஆறு மணிக்கு, இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். பச்சை முதுகு, நீலத் தோள், அடிவயிற்றில் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு தரையிலேயே கிடக்கும். சருகைப் புரட்டிப் பூச்சி தின்கிற பறவை அது. சருகு இல்லாத தோட்டத்தில் அதற்கு வேலையில்லை. அதனால் வடக்கு மூலையில் ஒரு அரை சென்ட் இடத்தைக் கூட்டவே மாட்டேன். ஒரு நாவல், இரண்டு நொச்சி, ஒரு எலுமிச்சை, கீழே விழுந்த இலை விழுந்தபடி. வீட்டுக்கு வருகிறவர்கள் குப்பை என்று சொன்னாலும் பரவாயில்லை. ஆச்சி வீட்டில் அந்த மூலை தானாகவே அமைந்திருந்தது. குருவி வந்துவிட்டது என்று சொல்லித்தான் அவள் சாயங்கால விளக்கு ஏற்றுவாள்.

மழைக்குப் பிச்சி, கோடைக்கு மல்லி. இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் வேண்டாம். பிச்சி ஓயும்போது, கார்த்திகைக் கடைசியில், குண்டுமல்லியைத் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு வெட்டிவிட வேண்டும். முதல் தடவை வெட்டுகிறவர்களுக்குக் கை நடுங்கும். மார்கழி முழுக்க அது வெறும் குச்சியாக நிற்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். அந்த மாதத்துக்குத்தான் பூசணி இருக்கிறதே. புரட்டாசியில் விதை போட்டால் மார்கழிக் கோலத்துக்குப் பூ கிடைக்கும். நீளக் காம்போடு வருவது ஆண் பூ, அடியில் குட்டிப் பூசணி இருந்தால் பெண் பூ. கோலத்துக்கு ஆண் பூவை மட்டும் பறித்து, தேனீக்காகவும் நாலைந்தை விட்டுவைத்தால் காய்ப்புக் குறையாது.

மாமரம் ஒன்றே ஒன்று. கார்த்திகைக்குப் பிறகு அதற்குத் தண்ணீர் விடக் கூடாது. காய விட்டால்தான் பூக்கும். பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் மறுபடி பாய்ச்சலாம்.

மாசி, பங்குனியில் மண் காயாமல் சருகு பரப்பி மூடாக்குப் போடுவதும் கிணற்றை எட்டிப் பார்ப்பதும் தவிர அதிகம் வேலை இல்லை. வேம்பு பூத்ததும் அடியில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து வைப்பேன். காலையில் அதில் சேர்ந்திருக்கிற பூ சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் போக, ரசத்துக்கும் காய வைக்கலாம். அதற்குள் மல்லியும் மொட்டு விட்டிருக்கும். கோடையின் மற்ற கஷ்டங்களுக்கெல்லாம் அந்த ஒரு வாசனை எனக்குப் போதும்.

கடைசியாக, வேலியில் செங்காந்தள். இதை மட்டும் நான் இப்போதே வளர்க்கிறேன். வீடு கைமாறுவதற்கு முந்தின வாரம் ஆச்சி வேலியில் தோண்டி எடுத்த கிழங்கு. கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் சொல்வார்கள். முழுச் செடியும் விஷம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாத தொட்டியில் வைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் கொடி காய்ந்து மறைந்துவிடும். அதன்பிறகு ஐந்தாறு மாதம் அந்தத் தொட்டியில் மண்ணைத் தவிர ஒன்றும் இருக்காது. தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். காலிதானே என்று வேறு செடி வைக்கப் போனவர்களைத் தடுத்திருக்கிறேன்.

போன வருடம் ஆனியில் ஒரு முளை. இந்த வருடம் இரண்டு. அதில் உயரமானது பால்கனிக் கம்பியைத் தேடி இலை நுனியைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டது.