டெஸ்ட் டிரைவ் எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

கேள்வி: முதல் கார் வாங்கப் போகிறோம். ஷோரூமில் 10 நிமிடம் ஓட்டவிட்டு, "போதும் மேடம், புக் பண்ணிடலாம்" என்கிறார்கள். அதிக நேரம் கேட்டால் தப்பா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: தப்பே இல்லை சகோதரி. பல லட்சம் ரூபாய் கொடுக்கப்போவது நீங்கள். அரை மணி நேரமாவது கேளுங்கள், முக்கால் மணி கிடைத்தால் இன்னும் நல்லது. பைபாஸ் ரோட்டில் ஒரு யூ டர்ன் போட்டுத் திரும்பினால் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும்.

காலையில் போகாதீர்கள். மதுரை வெயிலில், மத்தியானம் 2 மணிக்குப் போங்கள். பின்சீட்டுக்கு ஏசி வந்து சேர எத்தனை நிமிடம் ஆகிறது என்று அப்போதுதான் தெரியும். பின்சீட்டில் உங்கள் மாமியாரை உட்காரவையுங்கள். முழங்கால் இடிக்கிறதா, ஏறி இறங்கச் சிரமமா என்று அவரே சொல்வார். என்னைக் கேட்டால், இன்ஜினைவிட இதுதான் முக்கியம்.

அப்புறம் கோரிப்பாளையம் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டிப் பாருங்கள், கால் வலி சொல்லிவிடும். நத்தம் சாலை மேம்பாலம் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதில் சீரான வேகத்தில் போகும்போது பாட்டை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கவனியுங்கள். உங்கள் தெருவிலேயே ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியும் பாருங்கள்.

ஓட்டுநர் உரிமத்தை மறக்காதீர்கள். வாங்கப்போகும் அதே மாடல், அதே கியர் வகை வண்டிதானா என்று முன்பே போனில் கேட்டுவிடுங்கள். நேரம் தர மறுத்தால் வேறு டீலரிடம் போங்கள், முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.