மேகத்துக்கும் 'ஸ்கை', வானத்துக்கும் 'ஸ்கை': எது சரி?

கேள்வி: ஒஸ்லோவில் வசிக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலக் கட்டுரையில் இரண்டு மேகம் என்பதற்கு 'டூ ஸ்கைஸ்' என்று எழுதி வைத்திருக்கிறாள். நார்வேஜிய மொழியில் அதே எழுத்துகள், 'ஷ்யூ' என்று சொன்னால், மேகம்தானே! வானம், சொர்க்கம் இரண்டுக்கும் 'ஹிம்மெல்' ஒன்றுதான். இதை அவளுக்கு எப்படி விளக்குவது?

பதில்: முதலில், பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். 14ஆம் நூற்றாண்டில் எழுதியிருந்தால் அவளுக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். அக்காலத்து ஆங்கிலக் கவிஞர் சாசரே 'ஸ்கை' என்பதை மேகம் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்.

அது நோர்ஸ், அதாவது ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி, பேசியவர்கள் கொண்டுபோன சொல். 9ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் கொள்ளையோடு நிற்காமல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். கத்திக்கான 'நைஃப்', சன்னலுக்கான 'விண்டோ', முட்டைக்கான 'எக்' எல்லாம் அவர்கள் வழியாக வந்தவை. உங்கள் மகளுக்கு இவற்றின் நார்வேஜிய வடிவங்கள் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். அந்த வரிசையில் வந்ததுதான் 'ஸ்கை'. முதலில் மேகம்; பிறகு மெல்ல மெல்ல, மேகம் இருக்கும் இடம். இங்கிலாந்தில் ஒரு நவம்பர் மாதத்தைக் கழித்தவர்களுக்கு இதில் வியப்பே இருக்காது. அண்ணாந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் மேகத்துக்கு? பழைய ஆங்கிலத்தில் பாறையையும் குன்றையும் குறித்த சொல் ஒன்று மேலே ஏறி 'கிளவுட்' ஆனது. திரண்டு நிற்கும் மழைமேகத்தைப் பார்த்தால் காரணம் புரியும். அதற்கு முன்பு மேகத்துக்கு இருந்த சொல், ஜெர்மனில் இன்றும் புழங்கும் 'வொல்க்கெ'வின் உறவு. ஆங்கிலத்தில் அது கவிதைக்குள் ஒதுங்கிவிட்டது.

'ஹெவன்' கதை வேறு. பழைய ஆங்கிலத்தின் 'ஹெயொவொன்' வானத்தையும் குறித்தது, இறைவன் இருக்கும் இடத்தையும் குறித்தது, உங்கள் 'ஹிம்மெல்' போலவே. 'ஸ்கை' வந்து கீழ்ப்பாதியைப் பிடித்துக்கொள்ள, 'ஹெவன்' பெரும்பாலும் சொர்க்கத்தோடு நின்றுவிட்டது. கொட்டித் தீர்க்கும் மழையை 'ஹெவன்ஸ்' திறந்துகொண்டது என்று சொல்வது மட்டும் பழைய காலத்தின் மிச்சம். ஜெர்மன், டச்சு, டேனிஷ், சுவீடிஷ் எல்லாம் ஒரே சொல்லால் இரண்டையும் சமாளிக்கின்றன. குடும்பத்தில் பிரிந்து போனது ஆங்கிலம்தான்.

'ஹிம்மெல்' எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே சண்டை உண்டு. கல் என்னும் வேர் என்று ஒரு கட்சி, அதாவது வானம் ஒரு கல் கூரை. மூடுவது என்னும் வேர் என்று மறு கட்சி. எப்படியும் சொல் பழசு: அழிந்துபோன ஜெர்மானிய மொழியான கோதிக்கின் 4ஆம் நூற்றாண்டு விவிலியத்தில் 'ஹிமின்ஸ்' என்று இருக்கிறது.

சரி, வீட்டுப் பாடத்துக்கு வருவோம். நார்வேஜிய மொழியில் எந்த 'ஹிம்மெல்' என்பதை முன்னால் வரும் குட்டிச் சொல் காட்டிக்கொடுத்துவிடும். நட்சத்திரம், விமானம் என்றால் 'போ ஹிம்மெலென்', வானத்தின் மேல் என்பது போல. கடவுள், இறந்த தாத்தா என்றால் 'ஈ ஹிம்மெலென்', அதற்குள். தமிழில் 'விண்மீன்' என்கிறோம், கத்தோலிக்கர்கள் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று செபிக்கிறார்கள். இரண்டிலும் அதே விண் என்று சொன்னால் 'ஹிம்மெல்' அவளுக்கு அந்நியமாகத் தெரியாது.

மேகத்துக்கு 'ஷ்யூஃப்ரீ ஹிம்மெல்' என்ற தொடரைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேகமற்ற வானம் என்று பொருள். அதை ஆங்கிலக் கண்ணால் படித்தால் 'வானம் இல்லாத வானம்' என்று வரும். இதைச் சொல்லி அவளைச் சிரிக்க வையுங்கள், மறக்க மாட்டாள். கைபேசிப் படங்களை 'ஷ்யூவென்'னில் சேமிக்கிறோமே, அதுவும் இதே மேகம்தான்.