ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் முதுகுப்பையோடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குக் குறைந்த செலவில் போய்வர விரும்பும் வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெரும்பாலானோர் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் எழுதி வைத்துவிட்டு, விடுப்பு கிடைக்கும் மாதத்தை அதற்குள் பொருத்தப் பார்க்கிறார்கள். இந்த வட்டாரத்தில் ஆற்றின் நீர்மட்டமும் வெயிலும் தூரமுமே பயணத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே எந்த மாதம் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அந்த மாதம் தருவதைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கேள்வி: விக்டோரியா அருவியைப் பார்க்க வேண்டும், அதன் கீழே ஜாம்பேசி ஆற்றில் ராஃப்டிங்கும் (வேக நீரோட்டத்தில் ரப்பர் படகுப் பயணம்) போக வேண்டும். ஏப்ரல் நல்லதா, அக்டோபர் நல்லதா?

நீங்கள் கேட்கும் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. ஜாம்பேசியின் மேற்பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை, மேற்கு ஜாம்பியாவின் பரந்த வெள்ளச் சமவெளிகளில் தேங்கி, மெல்ல நகர்ந்து, ஏப்ரல் வாக்கில்தான் முழு அளவில் அருவிக்கு வந்து சேர்கிறது. அப்போது சுமார் 1,700 மீட்டர் அகலத்துக்கு, 108 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் எழுப்பும் சாரல், எதிரே நிற்பவரை நனைத்துவிடுவதோடு அருவியையே மறைத்துவிடும். ஓசையையும் நிலத்தின் அதிர்வையும் உணரலாமே தவிர, முழு அருவியைக் கண்ணால் காண்பது அரிது.

அக்டோபரிலும் நவம்பரிலும் நிலைமை தலைகீழாகிவிடும். ஜாம்பியாவின் பக்கத்தில் பெரும்பகுதி வெறும் கரும்பாறையாக நிற்கும். ஜிம்பாப்வேயின் பக்கத்தில் மட்டும் ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும். ஆகவே அந்த மாதங்களில் போகிறவர்கள் ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், தயங்காமல் ஜிம்பாப்வேயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் அருவிக்குக் கீழேயுள்ள படோகா பள்ளத்தாக்கில் ராஃப்டிங்குக்கு இதுவே சிறந்த காலம். தண்ணீர் குறையக் குறையப் பாறைகளுக்கிடையே சுழிகளும் எழுச்சிகளும் கூர்மையாகி, மிகக் கடினமான ஐந்தாம் தரத் துள்ளோட்டங்கள் வரிசையாக வரும். ஏப்ரலில் நீர்மட்டம் உச்சத்தில் இருக்கும்போது ராஃப்டிங்கை நிறுத்திவிடுவது வழக்கம்.

இரண்டும் ஓரளவு வேண்டும் என்றால் ஜூலைக் கடைசி, ஆகஸ்ட் மாதங்களைப் பரிந்துரைப்பேன். அருவியில் போதிய நீர் இருக்கும், சாரல் விலகிக் காட்சி தெரியும், ஆற்றிலும் இறங்கலாம். பள்ளத்தாக்குக்குள் இறங்குவதும் முடிவில் ஏறி வருவதும் செங்குத்தான பாதை என்பதை மறக்க வேண்டாம்; துடுப்புப் போடுவதைவிட அந்த ஏற்றத்தில் களைத்துப் போகிறவர்களே அதிகம். இரு நாடுகளுக்கும் சேர்த்து 50 டாலருக்கு 30 நாள் செல்லும் காசா விசா ஒன்று உண்டு. அது உங்கள் பாஸ்போர்ட்டுக்குப் பொருந்துமா என்பதைத் தூதரகத்தில் கேட்டுவிட்டே பயணச்சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஒகவாங்கோ டெல்டாவில் வெள்ளத்தைப் பார்க்க மழைக்காலத்தில்தான் போக வேண்டுமா?

இல்லை, வறண்ட காலத்தில் போக வேண்டும். அங்கோலாவின் மேட்டு நிலங்களில் ஆண்டின் தொடக்கத்தில் பெய்யும் மழை, கிட்டத்தட்டத் தட்டையான நிலத்தில் மாதக்கணக்கில் ஊர்ந்து வருவதால், போட்ஸ்வானாவில் ஒரு துளி மழையும் இல்லாத ஜூன் முதல் ஆகஸ்ட் வரையில்தான் டெல்டா நிரம்புகிறது. சுற்றிலும் நிலம் காய்ந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் வந்து சேர்வதால் விலங்குகளும் அங்கே திரள்கின்றன. கடலைச் சேராமல் மணலிலேயே அடங்கிவிடும் இந்த ஆற்றின் டெல்டா, 2014-இல் யுனெஸ்கோவின் ஆயிரமாவது உலகப் பாரம்பரியத் தலமாயிற்று. குறைந்த செலவில் பார்க்க விரும்புகிறவர்கள் மவுன் நகரிலிருந்து, உள்ளூர்ச் சமூகங்கள் நடத்தும் மொகோரோ படகுப் பயணத்தில் சேரலாம். நின்றபடி கழி ஊன்றிச் செலுத்தப்படும் அந்த ஒடுங்கிய படகில், நீர்மட்டத்தோடு கண்மட்டமாக அமர்ந்து போகும் ஒரு காலைப் பொழுதுக்காகவே இந்த நாட்டுக்குப் போகலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: கேப்டவுனிலிருந்து விக்டோரியா அருவி வரை பொதுப் போக்குவரத்திலேயே போய்விட முடியுமா?

நகரத்திலிருந்து நகரத்துக்குப் போக முடியும். கேப்டவுனுக்கும் நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்குக்கும் இடையே நெடுந்தூரப் பேருந்துகள் ஓடுகின்றன. மற்ற ஊர்களுக்கிடையே, ஆள் நிரம்பினால் மட்டும் கிளம்பும் சிற்றுந்துகள் உண்டு. சிக்கல் என்னவென்றால், நீங்கள் பார்க்க ஆசைப்படும் இடங்கள் இந்தத் தடங்களில் இல்லை. சொசுஸ்ஃப்ளெய் மணற்குன்றுகளுக்கோ, எட்டோஷா தேசியப் பூங்காவுக்குள்ளோ, ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்குக்கோ எந்தப் பேருந்தும் போவதில்லை. வழியில் வண்டி மறித்து ஏறிப் போகலாம் என்று நினைப்பவர்கள், இந்தியாவில் நான்கில் ஒரு பங்கு பரப்புள்ள நமீபியாவில் சுமார் 30 லட்சம் பேர் மட்டுமே வாழ்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கிளைச்சாலையில் அடுத்த வண்டி எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தனியாகப் போகிறவர்களுக்கு, பலர் ஒரே லாரியில் முகாமிட்டுச் செல்லும் ஓவர்லேண்ட் டிரக் பயணம் நல்ல வழி. கேப்டவுனிலிருந்து நமீபியா, போட்ஸ்வானா வழியாக விக்டோரியா அருவி வரை ஏறத்தாழ 20 நாள். இருவருக்கு ஒரு கூடாரம். கூடாரம் அடிப்பதும் காய்கறி நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் பயணிகளின் முறைவேலை. விளம்பரத்தில் உள்ள விலையோடு கணக்கு முடிந்துவிடாது. வழியில் ரொக்கமாகக் கட்டச் சொல்லும் தொகை, விசா, விருப்பமிருந்தால் மட்டும் சேரும் நிகழ்ச்சிகளுக்கான கட்டணம் ஆகியவற்றைச் சேர்த்த பிறகே ஒப்பிட வேண்டும். நான்கு பேர் ஒன்றுசேர முடிந்தால், நமீபியாவுக்கு மட்டும் வாடகை வண்டி எடுத்துக்கொண்டு மற்ற நாடுகளைப் பேருந்தில் கடப்பது பெரும்பாலும் செலவு குறைந்தது, சுதந்திரம் கூடியது. மூன்று வாரத்தில் ஐந்து நாடுகளைத் தொட்டுவரத் திட்டமிட்டிருப்பவர்கள் இரண்டைக் கைவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் எல்லைச் சாவடிகளையும் பேருந்து நிலையங்களையும் மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும்.

கேள்வி: நமீபியாவில் வண்டி ஓட்டுவது அபாயமானது என்கிறார்களே? நமக்குப் பழக்கமான இடப்பக்கப் போக்குவரத்துதானே?

ஆம், இடப்பக்கம்தான்; சாலைகளில் நெரிசலும் இல்லை. அந்த வெறுமையே ஆளை ஏமாற்றிவிடுகிறது. அங்கே வெளிநாட்டுப் பயணிகள் விபத்துக்குள்ளாவது பெரும்பாலும் எதிரே வரும் வண்டியில் மோதி அல்ல. சரளைச் சாலையில் வேகமாகப் போய், ஒரு வளைவிலோ குறுக்கே வந்த மானைக் கண்டோ சட்டென்று பிரேக் போட்டு, வண்டி வழுக்கித் தானாகவே உருண்டுவிடுவதால்தான். வாடகை நிறுவனங்கள் பல, சரளையில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுகின்றன. 60-ஐத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை என்பேன். டயரின் காற்றழுத்தத்தைச் சரளைக்கு ஏற்பக் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதை வண்டி எடுக்கும் இடத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதிரே வண்டி வந்தால் வேகத்தைக் குறைத்து ஒதுங்குங்கள், ஏனெனில் அதன் புழுதி அடங்கும்வரை முன்னால் எதுவும் தெரியாது. ஸ்டெப்னி இரண்டு கேளுங்கள், அவற்றை மாற்றும் கருவிகள் வண்டியில் இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் திறந்து பாருங்கள். டயருக்கும் முன்கண்ணாடிக்கும் தனிக் காப்பீடு எடுப்பது வீண்செலவாகாது.

விண்ட்ஹூக்கிலிருந்து, சொசுஸ்ஃப்ளெய் மணற்குன்றுகளுக்கு வாசலான செஸ்ரியம் சுமார் 350 கி.மீ. வரைபடச் செயலி காட்டும் நேரத்தை நம்பாமல், ஐந்து மணி நேரத்துக்குமேல் ஒதுக்குங்கள். சொலிடேர் போன்ற சிறு ஊர்களில் பெட்ரோல் நிலையத்தைக் கண்டால், தொட்டி பாதி நிறைந்திருந்தாலும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். சூரியன் மறைந்த பிறகு ஓட்டவே கூடாது. கழுதைகளும் மாடுகளும் குடூ எனப்படும் பெரிய மான்களும் சாலையில் நிற்கும். செஸ்ரியத்தில் பூங்காவின் வெளிவாசலுக்கு உள்ளே இருக்கும் முகாமில் தங்கினால், வெளியில் தங்குவோருக்கு முன்பாகவே மணற்குன்றுகளுக்குக் கிளம்பலாம். சொசுஸ்ஃப்ளெய்க்கு முந்தைய கடைசி ஐந்து கிலோமீட்டர் ஆழ்ந்த மணல். நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டுப் பூங்காவின் வண்டியில் செல்ல வேண்டும். இந்த வண்டியோடு அடுத்த நாட்டுக்குப் போவதானால், எல்லை தாண்ட அனுமதிக்கும் கடிதத்தை நிறுவனத்திடமிருந்து முன்கூட்டியே வாங்குங்கள்.

கேள்வி: வேலியில்லாத முகாம்களில் கூடாரத்துக்குள் தூங்குவது பாதுகாப்பானதா?

விதிகளைக் கடைப்பிடித்தால் பாதுகாப்பானதே. போட்ஸ்வானாவின் மொரேமி, சவுட்டி முகாம்களில் யானைகளும் கழுதைப்புலிகளும் இரவில் கூடாரங்களுக்கிடையே நடந்து போவது அன்றாட நிகழ்ச்சி. கூடாரத்தின் ஜிப்பை முழுமையாக மூடுங்கள். காற்று வேண்டும் என்று கொசுவலையை மட்டும் இழுத்துவிட்டோ, வெளியே படுத்தோ தூங்காதீர்கள். உணவு எதையும், குறிப்பாகப் பழங்களை, கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். ஆரஞ்சின் மணத்தை யானை வெகு தூரத்திலிருந்தே அறியும். செருப்பையும் உள்ளே வையுங்கள், கழுதைப்புலி கவ்விச் சென்றுவிடும். நீர்யானைகள் இரவில் கரையேறி மேயும் என்பதால் ஆற்றங்கரையில் அவற்றின் தடங்களின்மேல் கூடாரம் அடிக்கக் கூடாது; எந்த நேரத்திலும் நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கவும் கூடாது. இரவில் வெளியே போக வேண்டியிருந்தால், முதலில் டார்ச்சைச் சுற்றிலும் அடித்து மின்னும் கண்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால், உள்ளேயே ஒரு அகன்ற வாய்ப் புட்டியை வைத்துச் சமாளிப்பதே அறிவுடைமை.

கேள்வி: கொசுக்கடி நமக்குப் பழக்கம்தானே, மலேரியா மாத்திரை அவசியமா? மஞ்சள் காய்ச்சல் ஊசி யாருக்குத் தேவை?

பழக்கம் எந்தப் பாதுகாப்பையும் தராது. இந்த வட்டாரத்தில் பரவும் மலேரியா ஏறக்குறைய முழுவதும் ஃபால்சிபாரம் வகை. சில நாள்களுக்குள் உயிருக்கே ஆபத்தாகக்கூடியது. குரூகர் பூங்காவை ஒட்டிய தாழ்நிலம், ஒகவாங்கோ, நமீபியாவின் வடகிழக்கு, ஜாம்பேசிப் பள்ளத்தாக்கு ஆகியவை மலேரியாப் பகுதிகள். மழை மாதங்களில் ஆபத்து கூடுகிறது. கேப்டவுன், டிராகன்ஸ்பெர்க் மலைகள், லெசோத்தோ, தென்நமீபியா ஆகியவற்றுக்கு மாத்திரை தேவையில்லை. அட்டோவகுவோன்–புரோகுவானில் மாத்திரையைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பிறகு ஏழு நாள் வரை தொடர வேண்டும். டாக்சிசைக்ளினை நான்கு வாரம் தொடர வேண்டும். அது வெயிலில் தோலை எளிதில் கருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஊர் திரும்பிப் பல வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எங்கே போயிருந்தீர்கள் என்று மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி, விமானம் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. அடிஸ் அபாபா அல்லது நைரோபியில் 12 மணி நேரத்துக்குமேல் காத்திருந்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைபவரிடம் சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: சில நாள் மலைநடைக்கு எங்கே போகலாம்?

நமீபியாவின் ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு நடை சுமார் 85 கி.மீ., நான்கைந்து நாள். வெயிலும் திடீர் வெள்ளமும் காரணமாக மே 1 முதல் செப்டம்பர் 15 வரை மட்டுமே திறப்பார்கள்; குறைந்தது மூவர் குழுவாக வர வேண்டும்; மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் இறங்க விடமாட்டார்கள். உள்ளே கடையோ வண்டியோ கிடையாது, உணவு முழுவதையும் சுமக்க வேண்டும். முதல் நாள் இறக்கம் முழங்காலை உலுக்கும், கடைசியில் ஐ-ஐஸ் வெந்நீர் ஊற்று அதைத் தேற்றும்.

தென்னாப்பிரிக்காவின் கடலோர ஆட்டர் டிரெயில் ஐந்து நாள் நடை. நாளொன்றுக்கு 12 பேரைத்தான் அனுமதிப்பதால் பல மாதங்களுக்கு முன்பே இடம் நிரம்பிவிடும். நான்காம் நாள் புளூக்ரான்ஸ் ஆற்றை, கடல் வற்றும் நேரம் பார்த்துக் கடக்க வேண்டும். சில வேளைகளில் நீந்தவும் நேரும். முன்பதிவுக்கெல்லாம் அவகாசமில்லை என்றால், டிராகன்ஸ்பெர்க்கில் சென்டினல் சிகரத்தின் பக்கமாக இரும்புச் சங்கிலி ஏணிகளில் ஏறி, 948 மீட்டர் எனக் குறிக்கப்படும் துகேலா அருவியின் உச்சியை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். கோடையில் பிற்பகல் இடிமழை வரும், எனவே விடியலிலேயே கிளம்புங்கள்.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்றால் கோழி வைப்பவர்கள் உண்டு. "கோழி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம்" என்று விளக்கமாகச் சொல்லுங்கள். சோளமாவுக் களி எங்கும் உண்டு: தென்னாப்பிரிக்காவில் பாப், ஜிம்பாப்வேயில் சட்ஸா, ஜாம்பியாவில் ந்ஷிமா. அதற்குத் தொடுகறியாக பீன்ஸும் காய்கறியும் சேர்ந்த சக்கலக்காவோ, வேர்க்கடலை அரைத்துவிட்ட கீரையோ கேட்கலாம். டர்பனுக்குப் போகிறவர்கள் கவலைப்படவே வேண்டாம். 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌ அவர்களுடைய நகரின் உணவு.

கேள்வி: பணத்தை எந்த வடிவில் கொண்டுபோவது?

தென்னாப்பிரிக்காவின் ரேண்ட், நமீபியா, லெசோத்தோ, எஸ்வாட்டினி மூன்றிலும் அதே மதிப்பில் செல்லும். அந்நாடுகளின் நோட்டுகள் தென்னாப்பிரிக்காவில் செல்லாது, எனவே எல்லைக்கு முன்பே செலவழித்துவிடுங்கள். ஜிம்பாப்வே 2024 ஏப்ரலில் ஜிக் என்ற புதிய நாணயத்தைக் கொண்டுவந்திருந்தாலும், பயணிகளுக்கு அமெரிக்க டாலரே புழக்கம். ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாக நிறையக் கொண்டுபோங்கள், சில்லறை கிடைப்பது கடினம். கிழிந்த நோட்டையும் பழைய நோட்டையும் வாங்க மறுப்பார்கள்.

கேள்வி: நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். கேப்டவுன், ஜோகன்னஸ்பர்க் எப்படி?

அச்சத்தால் கைவிட வேண்டியதில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். பேருந்து பகலில் வந்து சேரும்படி சீட்டு வாங்குங்கள். இருட்டிய பின் நடந்து போகாமல், செயலி வழியே அழைக்கும் வண்டியையோ விடுதி அனுப்பும் வண்டியையோ பயன்படுத்துங்கள். டேபிள் மவுண்டனில் பிளாட்டெக்லிப் பாதை எளிமையாகத் தோன்றினாலும், வழிப்பறி நடந்திருக்கும் மலை அது. விடுதியில் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு காலையில் ஏறுங்கள். தென்கிழக்குக் காற்று வலுத்தால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், ஆகவே நடந்தே இறங்குவதற்கான நேரமும் தண்ணீரும் ஒரு காற்றுத்தடுப்புச் சட்டையும் கைவசம் இருக்க வேண்டும்.

கேள்வி: பையில் எதை வைக்கக் கூடாது?

ராணுவ உருமறைப்பு வடிவ உடைகளை வைக்காதீர்கள். ஜிம்பாப்வேயில் பொதுமக்கள் அவற்றை அணிவது குற்றம். ட்ரோனைத் தேசியப் பூங்காக்களில் பறக்கவிட முடியாது. இரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்கள் உள்ள ஜாம்பியப் பூங்காக்களுக்கு நீலமும் கருப்புமான துணிகள் வேண்டாம், அந்த நிறங்கள் ஈக்களை ஈர்க்கும். ஜாம்பியாவில் டைஃபென்ஹைட்ரமின், கோடீன் கலந்த இருமல், சளி மருந்துகளுக்காகப் பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். ஆகவே தேவையான மருந்துகளை மட்டும், மருத்துவரின் சீட்டோடு, வாங்கிய உறையிலேயே எடுத்துச் செல்லுங்கள்.