வினிகர் ஊற்றியும் நைட்ரேட் இறங்காதது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் உள்ள பவளத்தொட்டி (பவளமும் மீனும் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) 300 லிட்டர் கொள்ளளவு கொண்டது. நைட்ரேட் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) அளவிலேயே நிற்பதால் மூன்று மாதங்களாக நாள்தோறும் வினிகர் ஊற்றி வருகிறேன். சிறிது சிறிதாகக் கூட்டி இப்போது 24 மில்லிவரை வந்துவிட்டேன். பாஸ்பேட்டை உறிஞ்ச இரும்பு ஆக்சைடு ரியாக்டரும் (இரும்பு ஆக்சைடு நிரப்பி, அதனூடே நீரை ஓடவிடும் கலம்) ஓடுகிறது. பாஸ்பேட் சோதனையில் எப்போதும் சுழிதான் வருகிறது. நைட்ரேட் மட்டும் இம்மியும் அசையவில்லை. அக்ரோபோரா வகைப் பவளங்கள் வெளிறிக்கொண்டே போகின்றன. வினிகரை இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்திலேயே காரணம் இருக்கிறது. பாஸ்பேட் சுழியில் நிற்பதால்தான் நைட்ரேட் இறங்க மறுக்கிறது.

வினிகர் நைட்ரேட்டை நேராகத் தொடுவதில்லை. அதிலுள்ள அசிட்டிக் அமிலத்தை உண்டு பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. பெருகும்போது தங்கள் உடலைக் கட்டிக்கொள்ள நீரிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் எடுத்துக்கொள்கின்றன. அப்படிப் பெருகியவற்றில் ஒரு பகுதியைப் புரோட்டீன் ஸ்கிம்மர் (காற்றுக்குமிழிகளால் கழிவைப் பிரிக்கும் கருவி) நுரையோடு வெளியேற்றும்போதுதான் அந்தச் சத்துகள் தொட்டியை விட்டு நீங்குகின்றன. கடலின் மிதவை உயிரிகளில் இந்தச் சத்துகள் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் அமைந்திருப்பதை ஆல்பிரட் ரெட்பீல்டு 1934-இல் எடுத்துக்காட்டினார். கார்பன் 106, நைட்ரஜன் 16, பாஸ்பரஸ் 1 என்று அந்த அணு விகிதம் பிற்காலத்தில் நிலைபெற்றது. எடைக்கணக்கில் பார்த்தால் 10 பங்கு நைட்ரேட்டுக்கு ஏறக்குறைய 1 பங்கு பாஸ்பேட் தேவைப்படுகிறது. பாக்டீரியாக்களின் விகிதம் இதிலிருந்து சற்று மாறுபடும் என்றாலும், பாஸ்பரஸ் சிறிதும் இல்லாமல் எந்த உயிரணுவும் இரண்டாகப் பிரிய முடியாது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லாத வயலில் தழைச்சத்தை (நைட்ரஜனை) மட்டும் கொட்டினால் விளைச்சல் எப்படி உயராதோ, அதே நிலையில்தான் உங்கள் தொட்டி இருக்கிறது. மீன்களுக்கு இடும் உணவின் வழியாக நாள்தோறும் பாஸ்பேட் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் பாக்டீரியாக்களுக்குக் கிடைப்பதற்கு முன்பே இரும்பு ஆக்சைடு அதைப் பற்றிக்கொள்கிறது.

பவளம் வெளிறுவதற்கும் காரணம் இதுவாகவே இருக்கலாம். பவளத்தின் திசுவுக்குள் வாழும் பாசிக்கு நைட்ரேட் தாராளமாகவும் பாஸ்பேட் பஞ்சமாகவும் இருப்பது, இரண்டுமே குறைவாக இருப்பதைவிடக் கெடுதலானது. 2013-இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் இதை ஆராய்ந்தனர். நைட்ரஜன் மிகுந்து பாஸ்பேட் பற்றாக்குறையாகும்போது, பாசி தன் சவ்வுகளில் பாஸ்பரஸ் கொழுப்புக்குப் பதிலாகக் கந்தகக் கொழுப்பை வைத்துக் கட்டுகிறது என்றும், அத்தகைய பவளங்கள் ஒளிக்கும் வெப்பத்துக்கும் எளிதில் ஆளாகி வெளுக்கின்றன என்றும் அவர்கள் காட்டினர்.

ஆகவே முதலில் இரும்பு ஆக்சைடை வெளியே எடுத்துவிடுங்கள். வினிகரைத் திடீரென நிறுத்தாமல் இரண்டு மூன்று வாரங்களில் பாதியாகக் குறையுங்கள்; விளக்கின் செறிவையும் கொஞ்சம் தணித்து வையுங்கள். மீன் உணவைச் சற்றுக் கூட்டியும் பாஸ்பேட் ஏறவில்லையெனில், சோடியம் பாஸ்பேட் கரைசலைச் சிறு அளவில் சேர்த்து 0.03 முதல் 0.05 பிபிஎம் வரை கொண்டுவரலாம். முதல் சில நாட்களில் காலையில் சேர்த்தது மாலையில் காணாமல் போகும்; பாறைகள் கால்சியம் கார்பனேட் என்பதால் அவை பாஸ்பேட்டை உறிஞ்சிக்கொள்கின்றன. அதைக் கண்டு ஒரே நாளில் இரட்டிப்பாகச் சேர்த்துவிடாதீர்கள். உறிஞ்சியதைப் பாறை பின்னால் திருப்பித் தரும். பாஸ்பேட் அளவு நிலைத்து நிற்கத் தொடங்கியபின் நைட்ரேட் தானாக இறங்குவதைக் காண்பீர்கள்.

காரத்தன்மையையும் கவனித்து வாருங்கள். நைட்ரேட் செலவாகும்போது காரத்தன்மை கூடும். உங்கள் 30 பிபிஎம் முழுவதும் இறங்கினால் ஏறக்குறைய 1.3 டிகேஎச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) ஏறும். சத்துக் குறைந்த நீரில் காரத்தன்மை உயர்ந்திருந்தால் அக்ரோபோராவின் நுனிகள் கருகுவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள் என்பதால், 7 முதல் 8.5 டிகேஎச் வரை வைத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சோதனை பற்றியும் ஒரு சொல். சில சோதனைக் கருவிகள் நைட்ரேட்டைக் காட்டுவதில்லை, அதிலுள்ள நைட்ரஜனைத்தான் காட்டும். அந்த எண்ணை 4.43-ஆல் பெருக்க வேண்டும். பாஸ்பரஸைப் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் காட்டும் கருவியானால் 3.066-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். இதைச் சரிபார்க்காமல் மருந்தளவை மாற்றுவது ஆபத்து.

கேள்வி: கார்பன் டோசிங் (பாக்டீரியாவுக்கு உணவாகக் கார்பன் சேர்ப்பது) தொடங்க விரும்புகிறேன். வோட்கா, வினிகர், சர்க்கரை, பயோபெல்லட் (பாக்டீரியா மெல்ல உண்ணும் கார்பன் மணிகள்) ஆகியவற்றில் எது நல்லது? எவ்வளவில் தொடங்க வேண்டும்?

பதில்: புதிதாகத் தொடங்குபவருக்கு வினிகரையே பரிந்துரைப்பேன். 40 சதவீத வோட்கா ஒரு மில்லியில் உள்ள கார்பன், 5 சதவீத வினிகர் 8 மில்லியில்தான் கிடைக்கும். எனவே வினிகரில் கை சற்றுத் தவறினாலும் தொட்டி தாங்கும். 100 லிட்டர் நீருக்கு நாளொன்றுக்கு 0.8 மில்லி வினிகர், அல்லது 0.1 மில்லி வோட்கா என்று தொடங்கி, வாரம் ஒருமுறை மட்டும் கொஞ்சம் கூட்டி, ஒவ்வொரு முறையும் கூட்டுவதற்கு முன் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதித்துப் பாருங்கள். நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் கூட்டுவதை நிறுத்துங்கள். வேண்டிய அளவுக்கு வந்தபின், அந்த அளவில் நிலைக்கும்வரை படிப்படியாகக் குறையுங்கள். நிறமும் மணமும் சேர்க்காத வெள்ளை வினிகராக இருக்க வேண்டும். அது பிஎச்-ஐத் தற்காலிகமாகக் குறைக்கும் என்பதால், விளக்குகள் எரியும் பகற்பொழுதில், நீரோட்டம் மிகுந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுவது நல்லது.

சர்க்கரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பனாமாவின் கரையோரத்தில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நீரில் கரைந்த சர்க்கரை போன்ற கரிமப் பொருள்கள் மிகுந்தபோது பவளத்தின் சளிப்படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்தில் வளர்ந்ததும், பவளங்கள் மடிந்ததும் பதிவாயின. அங்கே பயன்படுத்திய அளவுகளைத் தொட்டியில் நாம் சேர்க்கும் அளவோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் எந்தக் கார்பனாக இருந்தாலும், நைட்ரஜனோ பாஸ்பரஸோ தீர்ந்துபோன நீரில் அதை மேலும் மேலும் ஊற்றுவது பவளத்தின் உடலிலேயே பாக்டீரியாவை வளர்க்கும் வேலையாக முடியலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

பயோபெல்லட்டில் நாள்தோறும் அளக்கும் தொல்லை இல்லை. அதனாலேயே நாள்தோறும் மாற்றும் வசதியும் இல்லை. வைத்தால், ரியாக்டரிலிருந்து வெளிவரும் நீரை ஸ்கிம்மரின் உறிஞ்சுவாய் அருகிலேயே விட வேண்டும்.

நீர் பால்போல் மங்கினாலோ, பம்பிலும் குழாயிலும் வெண்ணிற வழவழப்பு படிந்தாலோ அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். பாக்டீரியா பெருக்கம் ஆக்சிஜனை மளமளவென்று குடித்துவிடும். இரவில் ஒளிச்சேர்க்கை இல்லாததால் மீன்கள் மேற்பரப்பில் வந்து மூச்சு வாங்கும். உடனே டோசிங்கை நிறுத்தி, ஸ்கிம்மரை நன்றாக ஓடவிட்டு, காற்றுக்கல்லும் போடுங்கள்.

கேள்வி: எங்கள் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இரண்டுமே சுழி. மணலின் மேலும் பவளக் கிளைகளின் மேலும் குமிழிகள் ஒட்டிய பழுப்பு நிறக் கோழைபோன்ற நூல்கள் படர்கின்றன. இரவில் குறைந்து, மறுநாள் மாலைக்குள் மீண்டும் படர்ந்துவிடுகின்றன. அமினோ அமிலம் வாங்கி ஊற்றினால் சரியாகுமா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்கள் டைனோபிளாஜெல்லேட்டுகள் என்னும் ஒற்றை உயிரணு நுண்ணுயிர்களுக்குப் பொருந்துகின்றன. ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இவற்றில் சில இனங்கள் நச்சுள்ளவை, அவற்றை மேய்ந்த நத்தைகள் இறப்பதுண்டு. சத்து வறண்ட தொட்டியில், போட்டியிடும் மற்ற பாசியும் பாக்டீரியாவும் தளர்ந்துவிட்ட நிலையில் இவை ஓங்குவது வழக்கமாகக் காணப்படும் ஒன்று. கார்பன் டோசிங் நடந்துகொண்டிருந்தால் அதைக் குறைத்து நிறுத்துவதே முதல் வேலை.

அமினோ அமிலங்களில் நைட்ரஜன் உண்டு, பாஸ்பரஸ் இல்லை. உங்கள் குறை இரண்டிலும் இருப்பதால் பாதி மருந்தாகவே அது அமையும். நேரான வழி, தூய்மையான சோடியம் நைட்ரேட்டைச் சேர்ப்பதே. 13.7 கிராமைக் கரைத்து ஒரு லிட்டர் கரைசலாக்கிக்கொண்டால், அதில் 10 மில்லி, 100 லிட்டர் தொட்டி நீரின் நைட்ரேட்டை 1 பிபிஎம் உயர்த்தும். நாளொன்றுக்கு 1 பிபிஎம்-க்கு மேல் போகாமல் 5 பிபிஎம் வரையும், முதல் பதிலில் சொன்ன சோடியம் பாஸ்பேட் கரைசலால் பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம் வரையும் ஏற்றி அங்கேயே நிறுத்திப் பாருங்கள். நுண்சத்துகளும் பிற பொருள்களும் கலந்த தோட்ட உரத்தைப் பயன்படுத்தக் கூடாது. தொட்டியில் மீன்கள் குறைவாக இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு மீன்களைச் சேர்த்து நன்றாக உணவிடுவது, புட்டியில் வரும் எந்தச் சத்துக் கலவையையும்விடச் சீராக இரண்டையும் தரும்.

கேள்வி: 60 லிட்டர் தொட்டி. ஸ்கிம்மர் இல்லை. சிறிது வினிகர் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். பெருகும் பாக்டீரியாவை வெளியேற்ற வழியில்லாமல் அவை தொட்டிக்குள்ளேயே மடிந்து சத்தைத் திருப்பிவிடும். ஆக்சிஜன் குறையும் ஆபத்தும் உண்டு. இந்த அளவுள்ள தொட்டியில் வாரந்தோறும் 12 லிட்டர் நீரை மாற்றினாலே நைட்ரேட் ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதுவும் போதாதென்றால் வடிகட்டிப் பகுதியில் ஒரு கைப்பிடி கீட்டோமார்பா பாசியை விளக்கின் கீழ் வளர்த்து, அடர்ந்தபோதெல்லாம் பாதியைப் பறித்து எறியுங்கள்.