லிங்கன் எழுதாத கடிதம்

கேள்வி: ஆசிரியர் தினத்துக்கு எங்கள் பள்ளியில் வினாடி வினா நடத்துகிறோம். ஆபிரகாம் லிங்கன் தன் மகனின் ஆசிரியருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதம் எந்த மகனுக்காக, எந்த ஆண்டு எழுதப்பட்டது? அந்தக் கடிதத்தை உங்கள் இதழில் முழுதாக வெளியிட்டால் எங்கள் ஆண்டு மலரிலும் சேர்த்துக்கொள்வோம். நல்ல கருத்துகள் நாலு பிள்ளைகளுக்குப் போய்ச் சேருமே! (ஓர் ஆசிரியை, விருதுநகர் மாவட்டம்)

பதில்: வெளியிட மாட்டோம், டீச்சர். அந்தக் கடிதம் லிங்கன் எழுதியது இல்லை.

எத்தனை பள்ளிகளில் அது ஆசிரியர் அறைச் சுவரில் லேமினேஷன் செய்து தொங்குகிறது, எத்தனை பிரேயரில் வாசிக்கப்படுகிறது என்பதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். செப்டம்பர் 5 வந்தால் வாட்ஸ்அப்பில் வந்து குவிகிறது. எல்லா மனிதரும் நேர்மையானவர்கள் அல்ல என்று என் மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள், கண்டெடுத்த ஐந்து டாலரைவிட உழைத்துச் சம்பாதித்த ஒரு டாலர் பெரியது என்று சொல்லிக்கொடுங்கள் என்று போகும். ஆனால் அதில் ஆசிரியர் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, பையன் பெயரும் இருக்காது. நீங்கள் என்னிடம் கேட்டதும் அதைத்தான். சரியான கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்ப்போம்.

லிங்கனுக்கு நான்கு மகன்கள். மூத்தவர் ராபர்ட், 1843-இல் பிறந்தவர். அவர் பள்ளிக்குப் போன வருஷங்களில் லிங்கன் இல்லினாய் மாநிலத்தில் ஊர் ஊராகக் கோர்ட்டுக்குப் போய் வாதாடிக்கொண்டிருந்த வக்கீல். சிறுவயதில் அப்பா பெரும்பாலும் வீட்டில் இருந்ததில்லை என்று ராபர்ட்டே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இரண்டாவது பிள்ளை எட்டி, நான்கு வயது நிரம்பும் முன்பே 1850-இல் இறந்துபோனான். அடுத்த இருவரான வில்லியும் டாடும்தான் வெள்ளை மாளிகையில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ஆசிரியர் இருந்தார், பெயர் அலெக்சாண்டர் வில்லியம்சன். அவர் வெள்ளை மாளிகைக்கே வந்து பாடம் நடத்தினார். தினமும் வீட்டுக்கு வருகிறவருக்கு எதற்குக் கடிதம்?

வில்லி படிப்பில் கெட்டி. 1862 பிப்ரவரி 20 அன்று, 11 வயதில், காய்ச்சலில் போய்விட்டான். மிஞ்சிய கடைக்குட்டி டாடுக்கு அண்ணத்தில் பிளவு, பேச்சு தெளிவாக வராது. பாடம் என்றாலே ஓட்டம்தான். அவன் ஓடி விளையாடட்டும், எழுத்துக் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று லிங்கன் விட்டுவிடுவார் என்று அவருடைய செயலாளர் ஜான் ஹே எழுதி வைத்திருக்கிறார். அப்பா சுடப்பட்டு இறந்தபோது டாடுக்கு 12 வயது, அப்போதும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. அப்புறம் சிகாகோவில்தான் முறையாகப் படித்தான். இரண்டு மகன்களை இழந்த அந்த அப்பா இன்னொரு மகனை எப்படி வளர்த்தார் என்பதற்கு இது சாட்சி. உங்கள் சுவரில் தொங்கும் கடிதத்தில், அதைக் கற்றுக்கொடுங்கள் இதைக் கற்றுக்கொடுங்கள் என்று வாத்தியாருக்கு நீளமாகப் பட்டியல் போடுகிறவர் வேறு யாரோ.

ஆவணத்துக்கு வருகிறேன். லிங்கன் கைப்பட்ட காகிதங்களைப் போலத் தேடித் துருவப்பட்டவை உலகத்தில் அதிகம் கிடையாது. ராபர்ட் பாதுகாத்து வைத்திருந்த அப்பாவின் காகிதக் கட்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பூட்டி வைக்கப்பட்டு, ராபர்ட் இறந்து 21 ஆண்டுகள் கழித்து, 1947-இல் திறக்கப்பட்டன. ராய் பாஸ்லர் தலைமையில் லிங்கனின் எழுத்துகள் 1953-இல் எட்டுத் தொகுதிகளாக வந்தன. ஒரு வரியில் எழுதிய சிபாரிசுச் சீட்டு, தளபதிகளுக்கு அடித்த தந்தி வரைக்கும் அதில் இருக்கிறது. ஆசிரியருக்கு எழுதிய இந்தக் கடிதம் இல்லை. அசல் தாளைப் பார்த்ததாகச் சொல்லும் ஓர் ஆய்வாளரும் இல்லை.

"நல்ல கருத்துதானே, யார் எழுதினால் என்ன?" என்று இதற்கு முன்பும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இதில்தான் ஆத்திரம் வருகிறது. ஏமாற்றி ஜெயிப்பதைவிடத் தோற்பது மரியாதை என்று அந்தக் கடிதமே சொல்கிறது. அதைப் பொய்க் கையெழுத்தோடு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாமா? கருத்து பிடித்திருந்தால் பெயரை எடுத்துவிட்டு வாசியுங்கள். அப்போதும் அது நிற்கிறதா என்று பாருங்கள். லிங்கன் பெயர் இல்லாமல் அதை லேமினேஷன் செய்ய எத்தனை பேர் முன்வருவார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

எனக்கு வருத்தம் இன்னொன்று. இந்தப் போலிக்குப் பின்னால் உண்மையான ஒரு கடிதம் மறைந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாசிக்க அதைவிட ஏற்றதை நான் கண்டதில்லை.

1859-இல் ராபர்ட் ஹார்வர்டு நுழைவுத் தேர்வு எழுதி, 16 பாடங்களில் 15-இல் தோற்றார். ஒரு வருஷம் எக்ஸெட்டர் என்ற ஊரில் தங்கிப் படித்து, 1860-இல் தேறினார். கூட எழுதிய அவருடைய ஸ்பிரிங்ஃபீல்டு நண்பன் ஜார்ஜ் லேதம் தேறவில்லை. லிங்கன் அப்போது குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர். மே மாதம் தேர்வானவர், நவம்பரில் தேர்தல். நாடு இரண்டாகப் பிளக்கப்போகிறதா என்ற கவலையில் ஊரே இருக்கிறது. அந்த ஜூலையில், மகனின் கடிதத்தில் செய்தியைப் பார்த்த மறுநாளே, தோற்ற பையனுக்கு உட்கார்ந்து எழுதுகிறார்.

என் வாழ்க்கையில் இதைவிட அதிக வேதனையை அநேகமாக நான் பட்டதில்லை என்று தொடங்குகிறார். ஆனாலும் மனம் தளர்ச்சிக்கு இடம் கொடுக்காவிட்டால் இதில் பெரிதாக ஒன்றுமில்லை என்கிறார். உனக்கு எப்படி உதவுவது என்று எனக்குத் தெரியவில்லை, வயதும் கடும் அனுபவமும் உள்ள ஒருவனின் உறுதிமொழியை மட்டும் தர முடியும், தோற்பதில்லை என்று திடமாக முடிவு செய்தால் நீ தோற்க மாட்டாய் என்கிறார். அத்தோடு விடவில்லை. அந்தக் கல்லூரித் தலைவர் அன்பானவராகத்தான் இருப்பார், போய்ப் பார், எங்கே இடறியது, அதைச் சரிசெய்ய எது சுருக்கமான வழி என்று அவரே சொல்லுவார் என்று ஆள் காட்டுகிறார். சுலபமாக உள்ளே போன பலரைவிட நீ நல்ல படிப்பாளியாகவும் வாழ்க்கையில் ஜெயித்தவனாகவும் ஆக மாட்டாய் என்பதற்கு இந்தத் தோல்வியில் ஆதாரம் எதுவும் இல்லை என்று முடிக்கிறார். 'உன் உண்மையுள்ள நண்பன்' என்று கையெழுத்து.

நம் ஊரில் பிளஸ் டூ ரிசல்ட், நீட் ரிசல்ட் வருகிற வாரத்தில் எத்தனை வீடுகளில் இது தேவைப்படுகிறது, யோசித்துப் பாருங்கள். ஒரு பையன், அவன் பெயர், அவன் தோற்ற தேர்வு, அவன் போய்ப் பார்க்க வேண்டிய ஆள். எல்லாம் அதில் இருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துக் கடிதமே வேண்டும் என்றால் ஃபேனி மெக்கல்லக் என்ற பெண்ணுக்கு எழுதியது இருக்கிறது. தேதி 1862 டிசம்பர் 23. அவளுடைய அப்பா லிங்கனுக்குப் பழைய கோர்ட் சிநேகிதர், அந்த மாதம் போரில் இறந்தார். ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் லிங்கன் தரப்புப் படை படுதோல்வி அடைந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, அடிமைகள் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட இன்னும் ஒன்பது நாள். துக்கம் எல்லோருக்கும் வருகிறது, ஆனால் இளையவர்களை அது எதிர்பாராமல் பிடிப்பதால் அவர்களுக்குத்தான் வலி அதிகம் என்று எழுதினார். வில்லியைப் புதைத்து பத்து மாதம் ஆகியிருந்த அப்பா அவர்.

உங்கள் வினாடி வினாவுக்குக் கேள்வி இது: லிங்கன் மொத்தம் எவ்வளவு காலம் பள்ளிக்கூடம் போனார்? எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது என்று 1860-இல் அவரே எழுதியிருக்கிறார். லேதமுக்கு எழுதிய கடிதத்தை அடுத்த இதழில் தமிழில் முழுதாகத் தருகிறோம். ஆண்டு மலரில் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்ஃபீல்டு, 1860 ஜூலை 22 என்று இடமும் தேதியும் மறக்காமல் போடுங்கள்.